நாலு நூல் என்று சொன்னது நான்தான்

ரவி, இதை ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு படிக்காதே. அங்கே போய்ச் சேர்ந்து, குளித்து, எதையாவது வயிற்றுக்குப் போட்டுவிட்டு, உட்கார்ந்து படி. உன் பெட்டியில் பருப்புப் பொடிக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் இந்தக் காகிதங்களை வைக்கப் போகிறேன். நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, விடும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய். உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த ஒரே சொத்து அந்தப் பழக்கம்தான். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப உன் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டு வரும்போது நீ அந்தக் கதையை எடுத்தாய். நீ உன் கையாலேயே கட்டிய கார், அதன் ஸ்டியரிங், ஏரிக்கரை, நான் ஓடிவந்து நிறுத்தியது எல்லாம். நன்றாகத்தான் சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. "எங்க அம்மா ஒரு செகண்டுகூட யோசிக்கல. தப்புன்னு தெரிஞ்சுது, எழுந்தாங்க, வந்துட்டாங்க" என்று முடித்தாய். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நெட்டைப் பையன் எழுந்து நின்றே தட்டினான். நான் அவனையே பார்த்துக்கொண்டு, அவன் இலையில் இருந்த பாயசத்தின் மேல் ரசத்தை ஊற்றிவிட்டேன். பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வயதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ சொன்ன கதையில் பத்து நிமிடம் குறைகிறது. அந்தப் பத்து நிமிடத்தை இத்தனை வருஷமாக உன்னிடம் மட்டுமல்ல, உன் அப்பாவிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்தவள் நான். குறையுள்ள பீஸைக் கேட்டுக்கு வெளியே அனுப்ப எனக்கு மனசு வராது. நீயோ நாட்டை விட்டே போகிறாய், இந்தக் கதையையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறாய்.

என் வேலை என்னவென்று உனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்துகொள்ள நீ கேட்டதும் இல்லை. அம்மா காலையில் கம்பெனி பஸ் ஏறுவாள், சாயங்காலம் வருவாள், வந்ததும் குக்கர் வைப்பாள், அவ்வளவுதான். அங்கே என்னை "நோ-கோ அக்கா" என்று கூப்பிடுவார்கள். ஒரு போல்ட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும் வரிக்கு மரை என்று பேர். அந்த மரை சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று கோ, அது ஏறவேண்டும். இன்னொன்று நோ-கோ, அது ஏறக் கூடாது. ஏறவேண்டியது ஏறி, ஏறக்கூடாதது நின்றால்தான் பீஸ் பாஸ். இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி. எத்தனையோ ஃபோர்மேன்கள் என் மேஜைக்கு வந்து கெஞ்சியிருக்கிறார்கள், முறைத்திருக்கிறார்கள், ஒருவர் தீபாவளி ஸ்வீட் பாக்ஸோடுகூட வந்தார். ஸ்வீட்டை வாங்கிக்கொண்டு லாட்டை, தட்டில் இருந்த மொத்தப் பீஸையும், திருப்பி அனுப்பினேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் மேலே நான் எழுதப்போவது உனக்குப் புரியாது.

நீ டிப்ளமோ கடைசி வருஷத்தில் ஐந்து பேப்பர் அரியர் வைத்துக்கொண்டு, பொம்மனஹள்ளி வீட்டு வாசலில் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து கார் கட்டப்போகிறேன் என்று ஆரம்பித்தபோது, நான் உன்னைத் திட்டாத திட்டு இல்லை. நொறுங்கிப்போன ஒரு வேனிலிருந்து இன்ஜின், எங்கிருந்தோ நாலு சக்கரம், யாருடைய ஸ்கூட்டரிலிருந்தோ சீட். தெருவில் எல்லோரும் அந்த வீட்டில் மொத்தப் பேருக்கும் மரை கழண்டுபோச்சு என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு உன் அப்பா சிரித்தார். "கழண்டா என்ன, மாட்டிக்கலாம். வீட்டுலயே இன்ஸ்பெக்டர் இருக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் உன் மார்க் லிஸ்ட் வந்த கோபத்தில், நீ பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருந்த போல்ட் டப்பாவைத் தூக்கித் தெருவில் கொட்டினேன். ஒன்றோடொன்று கலந்து ரோடு முழுக்க உருண்டன. நீ தெருவில் இறங்கினாய். குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்து, சட்டையில் துடைத்து, சைஸ் பார்த்துப் பிரித்து வைத்தாய். பொழுது சாயும்வரை செய்தாய். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பில் ஒரு மணி நேரம் உட்காராதவன் இதில் இப்படி உட்காருகிறானே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வெளியே வந்து ஒரு போல்ட்டைக்கூட நான் எடுத்துத் தரவில்லை. அதற்காக இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ கிரீஸ் கையோடு வந்து என் முன்னால் ஒரு இரும்பை நீட்டினாய். "அம்மா, இது என்ன மரைன்னு பாத்துச் சொல்றியா? உனக்குத்தான் தெரியும்" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டதடா. பெற்று, வளர்த்து, இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி அது. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நீ நீட்டியது ஸ்டியரிங்கின் மூட்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது ஒரு கம்பியைத் தள்ளும், டை ராட் என்பார்கள், அந்தக் கம்பிதான் சக்கரத்தைத் திருப்பும். கம்பியின் முனையில் ஒரு துளை, அதற்குள் இந்த மூட்டின் வால் திருகி, மரையால்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மரை விட்டால், நீ ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். உன்னிடம் மூட்டு இருந்தது, ஜப்பான் டிசைனில் வந்த ஒரு சின்னக் காரிலிருந்து எடுத்தது. அதற்குப் பொருந்துகிற கம்பி வேண்டும். என்ன சைஸ் என்று தெரியவேண்டும். மரையின் சைஸ் என்றால் இரண்டு கணக்கு. மரை ஓடுகிற வால் எவ்வளவு கனம், வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி. இரண்டையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று எத்தனை அப்ரெண்டிஸ் பிள்ளைகளிடம் நானே கத்தியிருக்கிறேன்.

என்னிடம் பீரோவில் ஒரு பழைய இஞ்ச் கேஜ் இருந்தது, பேனாக்கத்தி மாதிரி விரிகிற ரம்பப் பல் தகடுகள். அதில் இருபது என்று போட்ட தகட்டை வைத்தேன். இஞ்ச்சுக்கு இருபது வரி. அம்சமாக உட்கார்ந்தது, வெளிச்சம்கூட நுழையவில்லை. கனம் பார்க்க வீட்டில் வெர்னியர் இல்லை. நாளைக்கு ஃபேக்டரிக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாயும் எடுத்தேன். அதற்குள் நீ, "இதை வாங்கின கடையில நாலு நூலுன்னுதான் சொன்னாங்கம்மா" என்றாய். நம் ஊரில் இரும்புக் கடை, மரக்கடை, கொத்தனார் எல்லோருக்கும் ஒரு நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் என்றால் அரை இஞ்ச். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். டாக்டர் மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு நூல், இருபது. போ, வாங்கலாம்" என்றேன்.

சிவாஜிநகர் குஜரியில், பழைய இரும்பு மலை மலையாகக் குவிந்திருக்கும் அந்தச் சந்தில், நாம் இரண்டு பேரும் முதல்முதலாகச் சேர்ந்து நடந்தோம். கடைக்கார பாய் பீடியை எடுத்துவிட்டு, "சைஸு சொல்லும்மா" என்றார். நீ வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். பொம்பளை வாயிலிருந்து மரை சைஸ் வந்ததும் அவர் பீடியையே அணைத்துவிட்டார். குவியலுக்குள் போய் ஒரு கம்பியை இழுத்து வந்தார். "பழைய விலாயத்தி மால்மா, சீமை வண்டியோடது. நாலு நூலு, இருபது, பக்கா. டவுட்டே வாணாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைக்காரன் தப்பான மாலைக் கொடுத்துவிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய் பார், அது அபாண்டம். நான் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மூட்டைக் கம்பியில் திருகினாய். ஏறியது. "கொஞ்சம் ஆடுதேம்மா" என்றாய். இருபது வயதுப் பையன், அரியர் பையன், உன் கைக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. ஃபேக்டரியாக இருந்தால் அந்த ஆட்டத்துக்கு அது நேராகச் சிவப்புத் தொட்டிக்குப் போயிருக்கும். "பழைய மால்னா அப்படித்தாண்டா. லாக் நட்டை இறுக்கு, நின்னுடும்" என்றேன். இறுக்கினாய், நின்றது. பாஸான பீஸில் நாங்கள் பெயின்ட் பொட்டு வைப்போம். இங்கே பெயின்டுக்குப் பதில் என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நானே பொட்டு வைத்தேன். சாயங்காலம் வந்த உன் நண்பர்களிடம் அந்தப் பொட்டைக் காட்டி, "எங்க அம்மா பாஸ் பண்ணது" என்றாய். சமையல் அறையில் எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு போட மறந்தேன்.

ஓட்டிப் பார்க்க ஒரு சனிக்கிழமையைக் குறித்தீர்கள். வீட்டுக்குப் பின்னால் புது லேஅவுட்டில் ரோடு மட்டும் போட்டு வீடு கட்டாமல் கிடந்த காலம். மேட்டிலிருந்து நேராக இறங்குகிற சரிவு, அடியில் ஏரிக்கரை, அங்கே இடது பக்கம் ஒடித்துத் திருப்பவேண்டும். திருப்பாவிட்டால் எதிரே ஏரிதான், சுவரும் கிடையாது, கம்பியும் கிடையாது. உன் அப்பா ராகுகாலம் முடிந்து பத்தரைக்கு மேல்தான் வண்டியை எடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ராகுகாலமாம், இரும்புக்கு ஏது ராகுவும் கேதுவும் என்று அவரைக் கிண்டல் செய்துவிட்டு நான் ஷிஃப்டுக்குப் போனேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். சூப்பர்வைசர் என் மேஜைப் பக்கம் வந்து, "அம்மா, அந்த நாலு நூல் ஸ்டட் லாட்டை மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட். தட்டை இழுத்தேன். அட்டையில் பன்னிரண்டு மில்லி என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு மில்லி அரை இஞ்ச் கிடையாது. அரை இஞ்ச் பன்னிரண்டே முக்காலுக்கு மிகக் கிட்டத்தில் வரும். மில்லிக் கணக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும், பழைய வாய்ப்பழக்கத்தில் பன்னிரண்டு மில்லிக் கம்பியையும் நாலு நூல் என்றுதான் ஊரே சொல்கிறது. அவரும் வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்கிறார், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அது காதில் போய்த் தைத்தது. கேஜை எடுத்து, இஞ்ச் தகட்டில் இருபதை அந்த மில்லி மரையின் மேல் வைத்தேன். அம்சமாக உட்கார்ந்தது. மில்லித் தகட்டில் ஒன்றேகாலை, அதாவது வரிக்கு வரி ஒன்றேகால் மில்லி, வைத்தேன். அதுவும் உட்கார்ந்தது. இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமே இல்லை. ரேக்கிலிருந்து ஒரு அரை இஞ்ச் நட்டை எடுத்து அந்த ஸ்டட்டில் திருகினேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. ஏறி, ஆடியது. நம் வீட்டு வாசலில் உன் கையிலும் என் கையிலும் ஆடிய அதே ஆட்டம்.

 உன் மூட்டு பன்னிரண்டு மில்லி. நான் கேட்டு வாங்கிய கம்பியின் துளை அரை இஞ்ச். ஒரு மரையின் நுனி இன்னொரு மரையின் நுனியை நகம் அளவுக்குத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வாசலில் நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பினால் தாங்கும். சரிவில் இறங்கி, முழு வேகத்தில் ஒடித்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

இனிமேல்தான் நீ படிக்கவேண்டியது. நான் எழுந்து ஓடவில்லை, ரவி. டீ வண்டி வந்தது. டீ வாங்கினேன். சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தேன். ஒருவேளை தாங்கும் என்று நினைத்தேன். லாக் நட்டு இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். முதல் நாள் எவ்வளவு வேகமாக ஓட்டிவிடப் போகிறான் என்று நினைத்தேன். இதெல்லாம் சாக்கு. உண்மையில் நினைத்தது ஒன்றுதான்: அத்தனை பேர் நடுவில் போய், நெயில் பாலிஷ் பொட்டு வைத்த நானே, நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது. என் பிள்ளை இப்போதுதான் என்னை ஒரு ஆளாக மதிக்கிறான், அதை எப்படி இழப்பது. உன் உயிரை ஒரு தட்டிலும் என் மானத்தை இன்னொரு தட்டிலும் வைத்துக்கொண்டு, பெற்ற தாய் பத்து நிமிடம் உட்கார்ந்து டீ குடித்தேன். கடிகாரம் எதிரேதான் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் குடித்தேன்.

என்னை எழுப்பியது பாசம் என்று எழுத ஆசைதான். அது பொய். டீ முடிந்ததும் கை பழக்கத்தில் தட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டை எடுத்தது. நோ-கோ வளையம் அதில் ஏறிவிட்டது. கை அதைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டது. டங் என்று சத்தம் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. முகம் தெரியாத எவனோ ஒருவனின் மெஷினுக்குப் போகிற ஸ்டட்டுக்கு இத்தனை கறார், என் பிள்ளைக்கு இல்லையா. அப்புறம்தான் எழுந்தேன்.

ஷிஃப்ட் நடுவில் வெளியே போக கேட் பாஸ் எழுதவேண்டும். காரணம் என்ற இடத்தில் "தவறாகப் பாஸ் செய்த பொருளைத் திரும்பப் பெற" என்று எழுதினேன். சூப்பர்வைசர் பதறிப்போய், "எந்த லாட்டும்மா?" என்றார். "வீட்டு லாட் சார்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். நம் தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்கு கேட்டிலிருந்து அடித்தேன், எங்கேஜ்டு. வெளியே ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தி, "பேக ஹோகப்பா, நன்ன மக" என்றேன். சீக்கிரம் போப்பா, என் மகன். அதற்கு மேல் எனக்குக் கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவனும் ஒன்றும் கேட்காமல் ஓட்டினான். ஓசூர் ரோடு முழுக்க லாரி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ராகுகாலத்துக்கு நன்றி சொன்னேன் என்றால் அது அந்த ஆட்டோவில்தான்.

நான் மேட்டுக்கு வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், உன் அப்பா கையில் கற்பூரத் தட்டு, சுற்றி உன் நண்பர்கள், பாதித் தெரு. மரை கழண்ட வீடு என்று சொன்னவர்களும் நின்றார்கள். நீ உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். நான் நேராகப் போய் வண்டிக்கு முன்னால், அந்த எலுமிச்சம்பழத்துக்கு எதிரே நின்றேன்.

"இறங்குடா" என்றேன்.

"என்னம்மா ஆச்சு?"

"டை ராட் மரை தப்பு. கம்பி அரை இஞ்ச், மூட்டு பன்னெண்டு மில்லி."

உன் முகம் சிவந்தது. "நீதானேம்மா ஓகே சொன்னே? பொட்டு வெச்சியே?"

"ஆமா, நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

"இத்தனை பேரை வெச்சுக்கிட்டு இப்ப வந்து சொல்றியா?"

"இத்தனை பேரை வெச்சுக்கிட்டுத்தான் சொல்றேன். ஸ்பேனரை எடு."

நீ ஸ்பேனரை எடுக்கவில்லை, கதவில்லாத அந்த வண்டியிலிருந்து குதித்து அதைத் தரையில் அடித்தாய். அப்பாதான் குனிந்து எடுத்து உன் கையில் கொடுத்தார். "அவ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "பாக்காமத்தான் சொன்னாங்க" என்று பல்லைக் கடித்தாய். சரியாகத்தான் சொன்னாய். லாக் நட்டைத் தளர்த்தினாய். மூட்டு பல் ஆடுகிற மாதிரி ஆடியது. "சுத்தியால ஒரு அடி அடி" என்றேன். ஒரே ஒரு அடி அடித்தாய். திருகாமல், சுற்றாமல், மூட்டு அப்படியே உருவிக்கொண்டு வெளியே விழுந்தது. மரையிலிருந்து சீவிய இரும்பு, முடி மாதிரி மினுமினுவென்று கூடவே விழுந்தது.  இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நீ சரிவைப் பார்த்தாய், அடியில் ஏரியைப் பார்த்தாய், அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாய்.

நன்றி சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நீ நிமிர்ந்து கேட்டாயே, "அப்போ நீ பாத்த மீதி எல்லாம்?" என்று. சுருக்கென்று இருந்தது. பெருமையாகவும் இருந்தது. என் மேஜையில் உட்கார்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருக்கவேண்டும். "எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்" என்றேன். அடுத்த இரண்டு வாரம் நாம் அந்த வண்டியில் ஒரு போல்ட்டை விடவில்லை. வெர்னியர் வாங்கினோம். நான் அளந்து சொல்வேன், நீ மறுபடி அளப்பாய், இரண்டு பேர் கணக்கும் ஒத்துவந்தால்தான் அடுத்தது. ஒருவர் சொன்ன சைஸை இன்னொருவர் நம்பக் கூடாது என்பது சட்டம். குஜரிக்குத் திரும்பப் போய், நாலு நூல் என்ற பேச்சையே எடுக்காமல், "பன்னெண்டு மில்லி, ஒண்ணேகால்" என்று கேட்டேன். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதையும் நாங்க நாலு நூலுன்னுதாம்மா சொல்வோம்" என்றார். பிறகு, மூட்டைக் கையில் வாங்காமல் இனி யாருக்கும் கம்பி தருவதில்லை என்று அவரே சொன்னார். புதுக் கம்பியில் மூட்டு ஆடாமல், அசையாமல், வெண்ணெயில் கத்தி மாதிரி ஏறியது.

அந்த அரியர் பேப்பர்களை நீ எப்படி முடித்தாய், அந்தக் கார் போட்டோவைக் காட்டி முதல் வேலையை எப்படி வாங்கினாய் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், நானே போதுமான அளவு பீற்றிக்கொண்டுவிட்டேன். இப்போது போகிற இடத்தில் உன் கையெழுத்துக்கு அப்புறம்தான் பீஸ் வெளியே போகும் என்றாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். என் அம்மா ஒரு செகண்டுகூட யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அங்கே போகாதே. உனக்கும் ஒரு நாள் அந்தப் பத்து நிமிடம் வரும். தப்பு உன்னுடையது என்று உனக்கு மட்டும் தெரிந்திருக்கும், சுற்றிலும் எல்லோரும் உன்னைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். அப்போது, அம்மாவாக இருந்தால் எழுந்திருப்பாள், நான் கோழை என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிடாதே. உன் அம்மாவும் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எழுந்தாள். தாமதமாக எழுந்தாலும் எழுந்ததுதான்.

இன்னொரு சனிக்கிழமையையும் எழுதிவிடுகிறேன், அதைப் பற்றி நீ யாருக்கும் சொல்வதில்லை. அதே மேடு, அதே கூட்டம், இன்னும் நாலு பேர் கூடுதலாக. நீ ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, பக்கத்து சீட்டைத் தட்டினாய்.

"ஏறு" என்றாய்.

"நான் எதுக்குடா?"

"இதைப் பாஸ் பண்ணது யாரு?"

"நீயும் நானும்."

"அப்போ ரெண்டு பேரும்தான் போகணும்."

அதுவரை நான் காரில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அப்பா கற்பூரம் காட்டினார், பழம் நசுங்கியது, வண்டி இறங்க ஆரம்பித்தது. கதவு இல்லை, கண்ணாடி இல்லை, மண்ணும் காற்றும் முகத்தில் அடித்தன. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள். வேகம் ஏறியது. உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இப்போதே சொல்லிவிடவேண்டும், இவன் என்னை இவ்வளவு நம்பும்போதே அந்த டீயைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும் என்று உன் பக்கம் திரும்பினேன். "ரவி, அன்னிக்கு ஃபேக்டரியில" என்று ஆரம்பித்தேன். இன்ஜின் சத்தத்தில் "என்னம்மா?" என்று கத்தினாய். எதிரே ஏரி, தண்ணீர் பளபளவென்று, வந்துகொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்ல. லெஃப்ட்ல ஒடி" என்றேன்.

ஒடித்தாய். வண்டி திரும்பியது.